ஒரு மூக்கு, இரண்டு முடிவு

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்த பெரியவனின் செல்போனுக்கு இரண்டு செய்திகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தன. முதலாவது தம்பி பெயரில்: தொற்று இல்லை. இரண்டாவது அவனுடைய சொந்தப் பெயரில்: தொற்று உண்டு. பெரியவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு படித்தான். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. பெயர்களை மாற்றிப் போட்டிருப்பார்களோ என்று ஒரு கணம் நினைத்தான். மாற்றிப் போட்டிருந்தாலும் ஒன்றும் தெளியாது என்பது அடுத்த கணமே உறைத்தது.

"என்னண்ணா, வந்துடுச்சா?" என்று சின்னவன் ஓடி வந்தான்.

"வந்துடுச்சு. உனக்கு இல்லையாம்."

சின்னவன் முகக்கவசத்துக்கு மேலே கண்களால் சிரித்தான். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, பக்கத்தில் நின்ற காரின் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரத் தொடங்கினான். ஒண்ணேகால் கிலோ குழந்தை தன் தகப்பனின் தலைமுடியைப் பார்த்துக் குறை சொல்லிவிடும் என்று யார் அவனுக்குச் சொன்னார்களோ. குழந்தை பிறந்து எட்டு நாள் ஆகிறது. இரண்டு மாதம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அதை அவன் இதுவரை செல்போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். இன்று நான்கு மணிக்குத் தகப்பனின் நெஞ்சில் அரைமணி நேரம் படுக்க வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பரிசோதனைச் சீட்டில் தொற்று இல்லை என்று இருந்தால் போதும்.

சீட்டில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த மூக்கு சின்னவனுடையது இல்லை.

நடந்தது இதுதான். முந்தைய நாள் காலையில் இருவரும் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார்கள். தம்பிக்குக் குழந்தைக்காக, அண்ணனுக்கு வேலைக்காக. பெரியவன் லிப்ட் மெக்கானிக், சீட்டு இல்லாமல் எந்தக் கட்டடத்துக்குள்ளும் விட மாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு விண்ணப்பத்தையும் வழக்கம்போல் பெரியவனே பூர்த்தி செய்து, இரண்டிலும் தன் செல்போன் எண்ணையே எழுதினான். முதல் அறையில் தன் மூக்கைக் காட்டிவிட்டு, கண்ணில் நீர் வழிய வெளியே வந்தான். அடுத்துப் போன சின்னவன் நாற்காலியில் உட்கார்ந்தான், அந்தக் குச்சியின் நீளத்தைப் பார்த்தான், அப்படியே சரிந்து தரைக்கு வந்துவிட்டான். ஐந்து வயதில் மூக்குக்குள் சட்டைப் பொத்தானைத் திணித்துக்கொண்டு, அதை டாக்டர் இடுக்கியால் இழுத்த நாளிலிருந்து மூக்குப் பக்கம் யார் கை வந்தாலும் அவனுக்கு உயிர் போய் உயிர் வரும். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிய லேப் அக்கா, "பத்து நிமிஷம் வெளிய உக்காந்துட்டு வாங்க" என்று அனுப்பி வைத்தார்.

"என்னால ஆகாதுண்ணா. பத்து நிமிஷம் இல்ல, பத்து நாள் ஆனாலும் ஆகாது."

பெரியவன் யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தபோது தம்பியின் வரிசையிலும் போய் நின்று, இரண்டு கையிலும் குத்து வாங்கிக்கொண்டு, மூன்று நாள் சோறு அள்ளிச் சாப்பிட முடியாமல் திரிந்தவன் அவன். கழிவறைக்குள் போய் இருவரும் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். தம்பியின் டோக்கனை எடுத்துக்கொண்டு பெரியவன் இரண்டாம் அறைக்குப் போய், வேறொரு ஆளிடம் அதே மூக்கை மறுபடி நீட்டினான். ஒரே வீட்டு ரத்தம், இருவரும் எட்டு நாளாக ஒரே வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறார்கள், தனக்கு இல்லையென்றால் அவனுக்கும் இருக்காது என்பது அவன் கணக்கு. இரண்டு சீட்டும் ஒன்றோடொன்று சண்டை போடும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

இப்போது வாசலில் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றான். எனக்கு இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றால் ஏன் இல்லை என்றார்கள்? இல்லை என்றால் ஏன் இருக்கிறது என்றார்கள்? எனக்கு இருந்தால் இவனுக்கும் இருக்குமா? லிப்ட் வேலையில் இந்தத் தொல்லை கிடையாது. பச்சை விளக்கு எரிந்தால் பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு. மூச்சை இழுத்துப் பார்த்தான், நன்றாகத்தான் வந்தது. இருமிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற மூன்று பேர் சட்டென்று விலகினார்கள்.

செல்போன் மணி அடித்தது. தம்பி மனைவி, உள்ளேயிருந்து.

"மாமா, அவருக்கு முடிவு வந்துடுச்சா? சிஸ்டர் கேக்கறாங்க. குழந்தை இன்னிக்குக் கண்ணத் தொறந்து தொறந்து பாக்குது."

"வந்துடுச்சும்மா," என்றான் பெரியவன். "கொஞ்சம் இரு, கூப்பிடறேன்."

சின்னவன் சீப்பைப் பைக்குள் வைத்துவிட்டு அண்ணனையே பார்த்தான். "உன்னுது என்னண்ணா?"

"இருக்குதாம்."

"எது இருக்குதாம்?"

"டேய், எனக்கு இருக்குதாம்."

"அப்போ என்னுது?"

"உன்னுதும் என்னுதுதானேடா!"

சின்னவன் விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிப் பார்த்தான். "அப்போ உனக்கு இருக்கு... எனக்கு இல்ல... ஆனா அது நீ..." என்று இழுத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "உன் சீட்ட இங்க யாரும் கேக்கலண்ணா. என் சீட்டத்தான் கேக்கறாங்க. எனக்கு ஜுரம்கூட இல்ல. அரை மணி நேரம். முகத்த மூடிக்கிட்டே இருக்கேன், மூச்சுகூட மெதுவா விடறேன்."

தம்பி இதுவரை கேட்டு அவன் இல்லை என்று சொன்னதே கிடையாது. போனால் ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்? எனக்கே எனக்கு என்ன என்று தெரியவில்லையே. போ என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் தம்பியின் பழைய செல்போனில் பார்த்த குழந்தையின் கை நினைவுக்கு வந்தது. சிஸ்டரின் விரல் நகத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கை. அந்த நகத்தையே முழுசாகப் பிடிக்க முடியாத கை.

நான்கு அடி பின்னால் போய் நின்றான். "கிட்ட வராத. அங்கயே நில்லு. லேப்புக்கு நடடா."

"அண்ணா..."

"உன் மூக்கு வேணும். என்னால அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

பரிசோதனைக் கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. சின்னவன் தெருவின் ஒரு ஓரமாகவும் பெரியவன் மறு ஓரமாகவும், சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டிபோல நடந்தார்கள். கூடத்தின் வாசலில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நேற்றைய லேப் அக்கா. கிட்டப் போகக் கூடாது என்பதால், தான் செய்த காரியத்தைப் பெரியவன் எதிர்ப் பக்கத்திலிருந்தே கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. சட்டை மாற்றியது, டோக்கன் மாற்றியது, ஊரே கேட்டது. வரிசையில் ஒருவர் சிரித்தார், இன்னொருவர் தலையில் அடித்துக்கொண்டார். அவமானத்தில் பெரியவனுக்குக் காது சுட்டது.

லேப் அக்கா பேனாவை மேசையில் வைத்தார். பிறகு எழுந்து, "வெவரம் புரியாத ஆளுங்களா நீங்க? உள்ள இருக்கறது எத்தனை பச்சைக் குழந்தைங்க தெரியுமா?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகமாக இருந்தது.

"தப்புதாங்க. எனக்கு இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லிடுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? ஒரு குச்சியில மாட்டிருக்கும், இன்னொண்ணுல மாட்டாம போயிருக்கும். இல்ல எங்க பக்கமே தப்போ என்னமோ. நாளைக்கு நீங்களும் மறுபடி குடுங்க. அதுவரைக்கும் இருக்குன்னு நெனச்சுக்கிட்டுத் தனியா இருங்க." சின்னவனைப் பார்த்து, "நீங்க உள்ள வாங்க," என்றார்.

சின்னவன் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணனைப் பார்த்தான். பெரியவனின் கால் தானாக ஒரு எட்டு முன்னால் வைத்தது. அதைப் பின்னால் இழுத்துக்கொள்ள அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். சின்னவன் திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டதுபோலவும் கேட்காததுபோலவும் இருந்தது. மணி நான்கு ஆகி, நான்கைத் தாண்டியும் போயிற்று.

கதவு திறந்தபோது சின்னவன் நடந்துதான் வந்தான். கண் சிவந்து, மூக்கிலும் கண்ணிலும் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நாளைக்கு மாலை முடிவு என்று கையால் சைகை காட்டினான். பெரியவன் வாயைத் திறப்பதற்குள் தம்பியின் செல்போன் மணி அடித்தது. குழந்தையைக் காட்ட அவன் மனைவி கூப்பிடும் வீடியோ அழைப்புதான். எடுத்துத் திரையைப் பார்த்தவன் அப்படியே நடைபாதையில் குந்தி உட்கார்ந்துவிட்டான். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா அழுகிறானா என்று இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

பிறகு அவன் எழுந்து நின்று, செல்போனைத் திருப்பி, இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கி அண்ணனுக்குக் காட்டினான். நடுவில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவ்வளவு தூரத்தில் பெரியவனுக்குத் தெரிந்தது, வெயிலில் மினுங்கிய ஒரு சின்ன வெளிச்சத் துண்டு மட்டும்தான். அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டவனைப்போலப் பலமாகத் தலையாட்டினான். சின்னவன் கையை இறக்கவே இல்லை. பெரியவனும் ஆட்டுவதை நிறுத்தவில்லை.