ஒரு குழந்தைக்கு முப்பது சதுர அடி

டேப்பின் நுனியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வசந்தாமணி ஹாலின் மூலையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். மறுமுனையில், குழந்தைக் காப்பக லைசென்ஸ் ஆபீசிலிருந்து வந்திருந்த மிஸஸ் பார்க்கர் கார்ப்பெட்டில் மண்டியிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அங்குலம் படித்தாள். பெருத்த உடம்பு, ஒவ்வொரு முறை எழும்போதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அடுப்பங்கரை அலமாரிக்குப் பூட்டு, சுவரிலிருக்கும் கரண்ட் ஓட்டைகளுக்கு மூடி, புகை வந்தால் கத்தும் பெட்டி எல்லாம் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது இடம்தான்.

ஒரு குழந்தைக்கு முப்பது சதுர அடி என்பது சட்டம். அதுவும் குழந்தை தவழ்ந்து விளையாடக்கூடிய வெறும் தரை. சோபா நிற்கிற இடமும் டி.வி. ஸ்டாண்டு நிற்கிற இடமும் கணக்கில் வராது. அதனால் முந்தின நாளே புருஷன் சேனாபதி சோபாவை கராஜுக்குள் தள்ளிவிட்டான். காருக்கென்று கட்டிய வீட்டில் சோபா குடியேறிவிட, கார் ரிச்சர்ட்சன் நகரத்து ஜூன் மாத வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. "ஊர்ல முப்பது சதுர அடிக்குள்ள ஒரு குடும்பமே இருக்கும். இங்க ஒரு பாப்பாவுக்கே அவ்வளவு வேணுமாம்," என்று தள்ளிக்கொண்டே சொன்னான். அவன் அப்படித்தான், வேலை செய்யும்போது மட்டும் பேசுவான்.

வசந்தாமணி வீட்டில் டேகேர் தொடங்கப்போகிறாள் என்றதும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பேர் கொடுத்தன. ஐந்து சேர்ந்தபிறகு ஆறாவதாக வந்தவள் தாமரைச்செல்வி. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், டெலிகாம் கம்பெனியில் வேலை. புருஷன் நியூ ஜெர்சியில் ஒரு ப்ராஜெக்டில் மாட்டிக்கொண்டிருந்தான். மகள் ஓவியாவுக்கு ஒன்பது மாதம். "வேற எங்கயும் infantக்கு இடமே இல்லைக்கா, ஒரு வருஷம் waiting list. நீங்களும் இல்லைன்னா ஊருக்கு அனுப்பிற வேண்டியதுதான். ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவ இருபதாம் தேதி India போறா, மடியில வச்சுக் கொண்டுபோய் என் மாமியார்கிட்ட விட்டுர்றேங்கிறா," என்று சொல்லிக்கொண்டே அவள் குழந்தையின் காலுறையைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றினாள். மூன்று வருஷம் கழித்துத் திரும்பிக் கூட்டிவரும்போது பிள்ளை யாரை அம்மா என்று கூப்பிடும் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே அது அங்கே நின்றது. "நான் பாத்துக்கறன், நீ அழுகாத," என்று வசந்தாமணி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மிஸஸ் பார்க்கர் டேப்பைச் சுருட்டி, கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஹால் ஐந்து குழந்தைக்குத்தான் தேறும். அதோ அந்த மூடின அறையைச் சேர்த்தால் தாராளமாகத் தேறும், ஆனால் அது உங்கள் பிள்ளையின் படுக்கையறையாக இருக்கும், அதைச் சேர்க்க முடியாது என்றாள். அதோடு இன்னொரு சிக்கல். இந்த வீட்டில் ஆறு பேருக்கு மேல் கூடாது, அந்த ஆறில் பார்த்துக்கொள்கிறவளின் சொந்தப் பிள்ளையும் அடக்கம். படிவத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சொந்தக் குழந்தைகள் ஒன்று என்று. ஆக ஏழு ஆகிறது. கடைசியாகச் சேர்ந்த குழந்தையை எடுத்துவிட வேண்டியதுதான். சொல்லிவிட்டு, "உங்கள் பிள்ளை எங்கே, பள்ளிக்கூடத்திலா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

வசந்தாமணி பொய் எழுதவில்லை. அவளுடைய கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் ஒரு பெண்ணிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் ஒற்றை எண்ணில் பதில் வராது. பெத்தது மூணு, இருக்கறது ரெண்டு என்பார்கள். முதல் எண்ணைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொல்ல எந்தத் தாய்க்கும் மனசு வராது. கேட்டவளும் இரண்டையும் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். இந்தப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. சமையல்மேசையில் உட்கார்ந்து பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் பார்த்தாள். பூஜ்யம் போடக் கை போகவில்லை. ஒன்று என்று போட்டுவிட்டு, அடுப்பில் பருப்பு பொங்குகிறது என்று எழுந்து போனாள். அப்போதைக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

"ஷீ இஸ் நோ மோர்," என்றாள். தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. "லெவன் டேஸ். இன் ஹாஸ்பிடல். நைன்டி ஃபைவ்."

மிஸஸ் பார்க்கர் கண்ணாடியைக் கழற்றினாள். கையில் இருந்த கிளிப் அட்டையைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வசந்தாமணியின் பக்கத்தில் அந்த வெறும் கார்ப்பெட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். "ஓ, ஹனி," என்றாள். கோபிச்செட்டிபாளையத்தை வரைபடத்தில்கூடப் பார்த்திராத அந்த மனுஷி எப்படிச் சும்மா இருக்கவேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தாள்.

கடைசியில் ஆபீஸ் விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. புதுப் படிவம் எழுதினால் மறுபடி ஆறு வாரம் ஆகும். இருபதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் என்று வசந்தாமணி மனசுக்குள் எண்ணிக்கொண்டாள். இல்லாவிட்டால் இதிலேயே திருத்தலாம். நான் திருத்தக்கூடாது, நீங்கள்தான் உங்கள் கையால் அடித்துப் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் கையெழுத்தைச் சுருக்கி வைக்கவேண்டும் என்றாள் மிஸஸ் பார்க்கர். வசந்தாமணி பேனாவை வாங்கினாள். அந்த ஒன்றைக் கண்ணில் படாதபடி கிறுக்கி மறைத்துவிட வேண்டும்போல இருந்தது. மிஸஸ் பார்க்கர் அவள் மணிக்கட்டை மெதுவாகத் தொட்டாள். கிறுக்கக்கூடாது. ஒரே கோடுதான். அடியில் என்ன இருந்தது என்று பின்னால் பார்க்கிறவர்களுக்குத் தெரியவேண்டும், அதுதான் விதி.

ஓவியாவின் காலுறையை நினைத்துக்கொண்டு வசந்தாமணி கோடு போட்டாள். பக்கத்தில் பூஜ்யம் போட்டு, கையெழுத்தைச் சுருக்கி வைத்தாள்.

அதற்குப்பிறகு அறையைத் திறக்காமல் தீராது. மூன்று வருஷம் அவள் அந்தக் கதவைத் தொட்டதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்று சேனாபதி சாத்தியது. உள்ளே அவன் திருகாணி முடுக்கும் அல்லன் சாவியை வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மல்லாடி மாட்டிச் சேர்த்த தொட்டில் கட்டில், மஞ்சள் திரை, பிரிக்காத டயப்பர் கட்டு. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பேர் வைக்கலாம் என்று இருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கைப்பட்டையில் 'பேபி கேர்ள்' என்றுதான் கடைசிவரை இருந்தது. தூசியும் ஒட்டடையுமாகக் கிடக்கும், இந்த அம்மாள் என்ன நினைப்பாளோ என்று கூசிக்கொண்டே வசந்தாமணி குமிழைத் திருகினாள். கதவு கிறீச்சிடக்கூட இல்லை. தூசி இல்லை. கார்ப்பெட்டில் தூசி உறிஞ்சும் வாக்யூம் மெஷின் போட்ட தடம் சுவரிலிருந்து சுவர்வரை வரிசை வரிசையாக ஓடியிருந்தது. கட்டிலுக்கு அடியில்கூட. பத்துக்குப் பத்து, தொட்டில் கட்டில் இருக்கலாம், அருமையான அறை என்று மிஸஸ் பார்க்கர் எழுதிக்கொண்டது அவள் காதில் பாதிதான் விழுந்தது.

மிஸஸ் பார்க்கர் போனதும் வசந்தாமணி தாமரைச்செல்விக்குப் போன் பண்ணினாள். "ஓவியாவ எங்கயும் அனுப்பாத. இடம் இருக்குது." அந்தப் பக்கம் தாமரைச்செல்வி ஆபீசிலேயே விசும்பி அழுதாள். இவளுக்கு அழுகை வரவில்லை, கல்லாக இருந்தது.

சாயங்காலம் சேனாபதி வந்து ஷூவைக் கழற்றும்போதே திறந்திருந்த கதவைப் பார்த்துவிட்டான். கழற்றின ஷூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்க, நீங்க அந்த ரூமுக்குள்ள போவீங்களா?"

"சனிக்கிழமை. நீ கடைக்குப் போனப்பறம்."

"மூணு வருஷமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ அழுவியேன்னுதான்."

"நீங்க அழுகமாட்டீங்களாக்கும்?"

சேனாபதி ஷூவை அலமாரியில் ஒன்றுக்கொன்று நேராக வைத்தான். "மெஷின் ஓடறப்ப நான் அழுகறது எனக்கே கேக்காது வசந்தா," என்றான். அவள் படிவத்தையும் கோட்டையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தான். சோபா கராஜில் இருந்தது. இரண்டு பேரும் அத்தனை சதுர அடி வெறும் தரையில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள், அழுகையை ஒளிக்க எந்த மெஷின் சத்தமும் இல்லாமல்.

லைசென்ஸ் வந்தது. இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை ஏழரைக்குத் தாமரைச்செல்வி ஓவியாவோடு வந்துவிட்டாள். காரை அணைக்காமலே ஓடிவந்திருந்தாள். பால் பாட்டில், மாற்றுத்துணி, காய்ச்சல் மருந்து என்று பையைத் தொட்டுத்தொட்டுக் காட்டினாள். குழந்தை தூங்கும் இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அறைக்குள் வந்தவள், ஓவியாவைக் கட்டிலுக்குள் இறக்கிவிட்டு அதன் மரத்தைத் தடவினாள். "Brand newவா இருக்கேக்கா. ஒரு கீறல்கூட இல்ல. உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனைக்கா? நான் கேக்கவே இல்ல பாருங்க."

"பெத்தது ஒண்ணு," என்றாள் வசந்தாமணி.

தாமரைச்செல்வி இரண்டாவது எண்ணுக்காகக் காத்திருந்தாள். விருதுநகரிலும் அப்படித்தான் சொல்வார்கள். அது வரவில்லை. பையின் ஜிப்பில் இருந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது. ஆபீசுக்கு நேரமாகியிருந்தது, வெளியே கார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மெல்லக் கார்ப்பெட்டில் உட்கார்ந்தாள்.

கட்டிலுக்குள் ஓவியா கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு மேல் சட்டத்தில் வாயை வைத்து, பல் முளைக்கிற குழந்தைகள் கடிப்பதுபோல அதை மும்முரமாகக் கடிக்கத் தொடங்கினாள். எச்சில் வழிந்தது. தாமரைச்செல்வி பதறி விலக்கப் போக, வசந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை வாயை எடுத்தபோது, அந்தப் புது மரத்தில் இரண்டு சின்னப் பல்தடம் ஈரமாகப் பதிந்திருந்தது.