பங்குனி வெயிலில் நஸ்டேர்சியம்

விடிந்ததும் கௌசலா முதலில் போய்ப் பார்ப்பது கிணற்றடியில் நின்ற நஸ்டேர்சியம் கன்றுகளைத்தான். வல்லாரை போல வட்ட இலை, செம்மஞ்சள் பூ. மிளகு மாதிரி உறைக்கும் அந்த இலையில் சம்பல் போட்டால்தான் அவள் கணவர் பழனியாண்டிக்குச் சோறு இறங்கும்.

வயிற்றுக் கட்டிக்கு மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அவர் நாக்குக்கு எல்லாமே மண்ணாகிவிட்டது. எலும்பும் தோலுமானார். "நிறை ஏறாட்டி அடுத்த மருந்தை ஏத்தேலாது" என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லிவிட்டார்.

கார்த்திகையில் நுவரெலியாவிலிருந்து வருத்தம் பார்க்க வந்த அவருடைய அக்காதான் விதைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தாள். "அங்க வேலியோரமெல்லாம் இதுதான் கெடக்கு. தம்பி சின்னப்புள்ளையில இத மென்னுக்கிட்டே திரியும்."

மழைக்குளிரில் கன்றுகள் மதமதவென்று படர்ந்தன. முதல் இலையை மென்ற பழனியாண்டி கண்ணை அகலத் திறந்தார்.

"உறைக்குது, கௌசலா!"

அன்று ஒரு கோப்பை சோறு தின்றார். தையில் நிறை ஏறியது, மருந்தும் ஏற்றினார்கள்.

மாசி கழிந்ததும் புளியங்குளத்து வெயில் தன் வேலையைக் காட்டியது. இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. கௌசலா தென்னோலைக் கிடுகால் பந்தல் போட்டாள். ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டாள். கிணறு சேறாகிப்போக, பக்கத்து வீட்டுப் பரீனாவின் ஆழக் கிணற்றில் வாளி வாளியாக அள்ளி வந்து ஊற்றினாள்.

"நீங்க ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று பரீனா கேட்டது அவள் காதில் ஏறவில்லை.

ஒரு மத்தியானம் கடைசிக் கன்றும் சாய்ந்தது. கிளறிப் பார்த்தாள். வேர் அழுகியிருந்தது. அவள் ஊற்றிய தண்ணீர்தான். சேற்றிலேயே குந்தி, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சுவரைப் பிடித்துப் பிடித்துப் பழனியாண்டி வெளியே வந்தார்.

"இனி உங்களுக்கு நான் என்னத்தைத் தருவன்?" என்றாள். பிறகு சட்டென்று, "அக்கா வீட்டை போவமப்பா. அங்க இந்த இலை எப்பவும் கிடக்கும், இருந்து சாப்பிட்டுத் தேறலாம்."

அவர் முகம் இறுகியது. "அந்த மண்ணில காலை வைக்கமாட்டன். தேயிலைத் தோட்டத்தில எங்கட லயத்தை எரிச்சுத்தானே துரத்தினவங்கள்." எழுபத்தேழுக் கலவரத்தில் ஓடி வந்தபோது அவருக்குப் பத்து வயது. அக்கா பிறகு அங்கேயே திரும்பிப் போனாள்; அவர் ஒருநாளும் அந்தப்பக்கம் போனதில்லை.

"நீங்க கண்ணை மூடினால் உங்கட வைராக்கியத்தை வைச்சு நான் என்ன செய்யிறது? சொல்லுங்கோ!"

கௌசலா அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் அவளுடைய சேறு படிந்த கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குக் காலமை வெளிக்கிடுவம்" என்றார்.

மறுநாள் பஸ் வவுனியாவைத் தொடுமுன்னமே அவர் அவள் தோளில் சரிந்து உறங்கிவிட்டார். பெரிதாகக் கனமில்லை. பஸ் குலுங்கிய போதெல்லாம் கௌசலா அவர் மூக்கடியில் விரலை வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டாள்.