வெள்ளை மூடி டப்பா

1.

இந்தக் கதை கழிவறையில் பிறந்தது. முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து ஏழு மாதம் ஆகிறது. மருத்துவர் மெட்ஃபார்மின் எழுதிக்கொடுத்தார். அந்த மாத்திரை குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களையும் விட்டுவைப்பதில்லையாம். சில வகைகளைப் பெருக்கி, சிலவற்றை ஒடுக்கி, உள்ளே புதுக் குடித்தனமே வைத்துவிடுகிறதாம். அதைப் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது, சேருகிறீர்களா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். சேர்ந்தேன். (பாடப்புத்தக அலுவலகத்தில் பிழை திருத்துகிறேன். ஆறு மணிக்கு மேல் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சேர்ந்ததற்கு அதுதான் காரணம்.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“அந்தக் கணவனும் மனைவியும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே குழாயில் கை கழுவினார்கள், ஒரே

இதை விட்டுவிட்டேன். என் மனைவி போன வருடமே தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆய்வுக்கு ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் வேண்டும். மாத்திரை சாப்பிடுகிற ஒருவர். ஒப்பிட்டுப் பார்க்க, அதே சாப்பாட்டைச் சாப்பிடும் சர்க்கரை இல்லாத இன்னொருவர். “வீட்ல யார் யாரு இருக்கீங்க?” என்று படிவம் நிரப்பியவர் கேட்டார். “நானும் வீட்டுக்காரியும்” என்றேன். பதினெட்டு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. மலம் எடுத்து அனுப்ப எனக்கு நீல மூடி டப்பா, அவளுக்கு வெள்ளை மூடி டப்பா. திருத்திச் சொல்வதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

[இது சாக்கு. இரண்டு டப்பாவோடு வீட்டுக்குப் போவது எனக்குப் பிடித்திருந்தது.]

அவளுடைய சம்மதக் கையெழுத்தை நானே போட்டேன். இரண்டு டப்பாவையும் நானே நிரப்பி அனுப்பினேன்.

3.

ஆய்வகப் பெண்ணை நான் பார்த்ததில்லை. வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டு, வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். என்னை அப்படிக் கேட்க வேறு ஆள் கிடையாது. முந்தைய வரைவில் அவளுக்குக் கண்ணாடி மாட்டி, ஜலதோஷம் வரவழைத்து, ஒரு காதல்கூட ஏற்பாடு செய்திருந்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவள் பேசியதை மட்டும் தருகிறேன்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. வீட்ல அம்மா, உங்க வைஃப், அவங்களும் மெட்ஃபார்மின் போட்டுக்கறாங்களா?”

“இல்லையே. ஏன்?”

“அவங்க சாம்பிள்லயும் மாத்திரை போடறவங்களுக்கு வர்ற மாத்தம் தெரியுது. சில பேரு வீட்டுக்காரர் மாத்திரைய எடுத்து ரகசியமா முழுங்கிடுவாங்க சார். வேணாம்னு சொல்லுங்க.”

“சரிம்மா.”

“ஒண்ணா இருக்கறவங்களுக்கு பாக்டீரியா கொஞ்சம் ஒத்துப்போகும்தான். ஆனா இவ்ளோ ஒத்துப்போய் நான் பாத்ததே இல்ல சார்.” சிரித்தாள். “குடுத்து வெச்சவங்க நீங்க.”

பிறகு, இன்னொரு வெள்ளை மூடி டப்பா அனுப்புவதாகச் சொன்னாள். திங்கட்கிழமை ஆள் வருவார். அம்மா தரவில்லை என்றால் இருவரையுமே ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள்.

போனை வைத்துவிட்டு அழுதேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

4.

முடிவு ஒன்று: மறுபடி நானே நிரப்பி அனுப்புகிறேன். வாராவாரம் போன் வருகிறது. இந்த மாத்திரையைப் பற்றி யாரோ எங்கேயோ தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

முடிவு இரண்டு: கதவு தட்டப்படுகிறது. திறந்தால் என் மனைவி, கையில் பெட்டியோடு

(இதை எழுதிய கைக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.)

5.

நடந்தது இதுதான். மறுநாளே ஆய்வகத்துக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் என் படிவ எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

“தனியா இருக்கறவங்களுக்கு இந்த ஆய்வுல எடமில்ல சார்” என்றாள். பிறகு, “உங்களுக்கு சர்க்கரைன்னாவது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லுங்க சார், முதல்ல.”

என் வீட்டில் எனக்கு இருந்த கடைசிக் குரலும் நின்றுபோனது. பத்து நிமிடம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டேன். போன வருடம் வீட்டை விட்டுப் போகும்போது அவள் சொன்னது: “நீங்க என்கிட்ட பேசறதே இல்ல. நான் என்ன சொல்வேன்னு மனசுக்குள்ள நீங்களே எழுதிக்கிட்டு, அதுக்குப் பதில் சொல்றீங்க.”

மூன்றாவது மணியில் எடுத்தாள்.

“எனக்கு சர்க்கரை வந்திருக்கு” என்றேன்.

அவள் பதில் சொன்னாள். நீளமாகவே சொன்னாள். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டேன். அதை எழுதத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். நான்கு முறை எழுதியும் பார்த்தேன். நான்கிலும் அவள் என்னைப் போலவே பேசினாள். அவள் பெயர் போட்டு என்னுடையதை ஒருமுறை அனுப்பியது போதும்.

ஆகவே அவளுக்கான இடத்தை இங்கே காலியாக விடுகிறேன். தயவுசெய்து நீங்களும் நிரப்பாதீர்கள்.

“                                        ”