மாதா கோயில் கோபுரமும் மரக்கேமராவும்

புதுப்பட்டினத்து மாதா கோயிலுக்குப் புதுக் கோபுரம் கட்டிக் கொடுத்தவள் மேஸ்திரி ஜெனிட்டா. சாரம் பிரித்த மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது. அதில் கோபுரம் பின்னால் சாய்ந்திருந்தது.

கோயில் கமிட்டித் தலைவர் அப்பாசாமி போனை நீட்டினார். "இன்னாம்மா இது? மல்லாந்துகினு கீது?"

"செல்போன அண்ணாந்து புடிச்சா அப்படித்தாண்ணே தெரியும். தூக்குக்குண்டு உட்டு நேரா இருக்குன்னு காட்டட்டுமா?"

"குண்டு உட்டா எனக்கு இன்னா தெரியும்? ஊரே படத்தத்தான் பாத்துகினு கீது."

படத்துக்குப் படம்தான் பதில் என்று அவளுக்குத் தோன்றியது. செங்கல்பட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கொழுந்தன் ஜெரோமைக் கூப்பிட்டாள். அவன், கடையில் அழகுக்கு வைத்திருந்த பழைய தேக்குமரக் கேமராவோடு வந்தான். பித்தளைத் திருகுகள், நடுவில் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாகத் தோல்.

கேமராவை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, "உன் ரசமட்டத்தக் குடு அண்ணி" என்றான். அதைக் கேமராவின் பின்பலகையில் வைத்து, குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தான். "இது கோபுரம் மாதிரியே நிமிந்து நிக்கணும். கேமராவ அண்ணாக்கக் கூடாது, லென்ஸ மட்டும் மேல ஏத்தணும்." திருகைத் தளர்த்தி லென்ஸ் பலகையை இரண்டு விரற்கடை உயர்த்தினான்.

ஜெனிட்டா கேமராவுக்குப் பின்னால் தொங்கிய கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள். பின்பலகையில் இருந்த மங்கல் கண்ணாடியில் கோபுரம் தலைகீழாகத் தெரிந்தது. சிலுவை கீழே, அடிப்பகுதி மேலே. ஆனால் இரண்டு ஓரமும் கோடு கிழித்தாற்போல நேர். 

அடுத்து அப்பாசாமி துணிக்குள் போனார்.

"தலகீயா கீதே!"

"கண்ணாடியில அப்படித்தாண்ணே வுழும். இடமும் வலமும் மாறியிருக்கும்" என்றான் ஜெரோம்.

அப்பாசாமி துணிக்குள்ளேயே இருந்தார். "கோபுரம் நேராத்தான் கீது. பக்கத்துல அது எவன் வூட்டு மாடிச் செவுரு? ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது."

ஜெனிட்டா ஜெரோமைப் பார்த்தாள்.  அப்பாசாமி வெளியே வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கோபுரத்துக்குப் பக்கத்தில் பார்த்தார். அங்கே இருந்தது அவருடைய வீடுதான்.

"சரி, படத்த எடு தம்பி" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டவர் அப்பாசாமிதான். வீடு இருந்த பக்கத்தை மட்டும் வெட்டியிருந்தார். ஜெனிட்டா அதைப் பற்றி எதுவும் கேட்காமல் பெயின்ட் வேலையை ஆரம்பித்தாள். அடுத்த வாரம் அவர் வீட்டு மாடிச் சுவரை இடிக்க ஆட்கள் வந்தார்கள். அவளுடைய ஆட்கள் இல்லை.