மருமகளுக்கு அறை தராத மாளிகை

அந்த மாளிகையில் குழந்தை பிறந்தால் ஓர் அறை கூடும், ஆள் இறந்தால் ஓர் அறை குறையும். கொத்தனாருக்கு அதில் வேலையே இல்லை. பிரசவ வலி கண்ட அன்று சுவர் ஈரமாகும். தொப்புள்கொடி விழுவதற்குள் கதவு, ஜன்னல், கொக்கி எல்லாம் வந்துவிடும். இறந்தவரை எடுத்துப் போனவர்கள் திரும்பி வரும்போது அவருடைய அறை கட்டில் பெட்டியோடு போயிருக்கும். ஊரில் யாரும் இதை அதிசயமாகப் பேசவில்லை. வீட்டு வரி போடுகிறவர்தான் ஒவ்வொரு முறையும் தலையில் அடித்துக்கொள்வார்.

வாழ வந்தவர்களுக்கு மட்டும் அந்த வீடு அறை கொடுத்ததில்லை. இரத்தம் வேறாம். சின்ன மருமகள் கணவனுடைய அறையில்தான் குடித்தனம் செய்தாள். அவன் காய்ச்சலில் போனபோது அவளால் அழக்கூட முடியவில்லை; அறை மறைவதற்குள் சேலைகளையும் தையல் மெஷினையும் வெளியே இழுத்துப் போட வேண்டியிருந்தது. அழாத மருமகள் என்று பெயர் எடுத்ததுதான் மிச்சம். பிறகு நாத்தனார் அறையில், தரையில் பாய். "அண்ணி, கால நீட்டாதீங்க, கட்டில்ல இடிக்குது" என்பாள் நாத்தனார். கல்நெஞ்சக்காரி அல்ல; அறை சின்னது, வாய் பெரிது.

ஆண்டுகள் ஓடின. ஒவ்வொருவராகப் போய்ச் சேர, மாளிகை துவைக்கத் துவைக்கச் சுருங்கும் துணியைப் போலாயிற்று. கடைசியில் கூடமும் சமையலறையும் நாத்தனாரின் அறையும்தான் மிஞ்சின. நாத்தனாருக்கோ ஓயாத இருமல். அவள் இருமும்போதெல்லாம் சின்ன மருமகள் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். நாத்தனார் போனால் அறையும் போகும். பிறகு இவள் எங்கே போவாள்? பிறந்த வீட்டில் கதவைத் திறக்கவும் ஆள் இல்லை.

கூடம் சும்மா கிடக்கிறதே என்று நாத்தனார் அதை ஒரு நாடகக் குழுவுக்கு ஒத்திகை பார்க்கக் கொடுத்தாள். பின்னாலேயே ஓவியர் வந்தார், வயலின்காரர் வந்தார். ஓவியர் ஒரு படத்தைக் கிழிக்காமல் முடித்த மறுநாள், கூடத்துக்கு வடக்கே வெளிச்சமான ஓர் அறை நின்றது. வயலின்காரருக்குத் தடித்த சுவரோடு ஒன்று; அது அக்கம்பக்கத்தார் செய்த புண்ணியம். வீடு இரத்தத்தைப் பார்த்துத்தான் அறை கொடுக்கிறது என்று தலைமுறை தலைமுறையாக நம்பியவர்கள் உயிரோடு இருந்திருந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொண்டிருப்பார்களோ! வாசலில் கலைக்கூடம் என்று பலகை ஏறியது. சின்ன மருமகள் எல்லா அறைகளையும் பெருக்கினாள், வயிறு எரிந்தது.

ஒரு பிற்பகல் ஒத்திகையில், கணவன் இறந்த காட்சிக்கு நடிகை கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள். சின்ன மருமகளுக்குப் பொறுக்கவில்லை.

"புருஷன் செத்தா இப்படியாம்மா அழுவாங்க?"

"அப்ப நீங்களே அழுது காட்டுங்களேன்" என்றாள் நடிகை விளையாட்டாக.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவள் அழுதாள். அவனுக்காக அழுதாள். அவன் சட்டை ஒன்றைக்கூட எடுக்காமல் தையல் மெஷினை எடுத்தோமே என்று அழுதாள். ஓவியரும் வயலின்காரரும் யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். எல்லோருடைய டீயும் ஆடை கட்டிப்போனது. நடிகை அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை சமையலறையை ஒட்டி ஓர் அறை இருந்தது, ஜன்னல் சரியாக அவள் உயரத்துக்கு. அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வெயில் ஏறும்வரை தூங்கினாள்.

"அண்ணி, இன்னும் காபி போடலையா?" நாத்தனார் வெளியிலிருந்து கேட்டாள்.

"இன்னிக்கு நீயே போடும்மா. எனக்கும் சேர்த்து. வரும்போது கதவத் தட்டிட்டு வா."

சற்று நேரத்தில் நாத்தனார் இரண்டு டம்ளர்களோடு வந்து தட்டினாள்.