நீட்டிய கை

நாளைக் காலை ஆறு மணிக்கு அவள் வேலையில் சேர வேண்டும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது, வாடகை வண்டியும் வராது. முதல் நாள் வராதவரின் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று வேலை உத்தரவுக் கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். ஆனால் வீட்டில் கார் இருந்தது, அவளுக்கு ஓட்டத் தெரியும், கணவரோ பேர் பெற்ற மெக்கானிக். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

"நீ வேலைக்குப் போறதை நான் தடுக்கலையே" என்று ஒரு மாதமாக அவர் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தடுக்கவில்லைதான். நேற்று சாயங்காலம் அவளுக்காகவே மெனக்கெட்டு, டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டார். பிறகு சாப்பிட உட்கார்ந்தவர் சாவகாசமாகச் சொன்னார்:

"முன் வீல்ல ஒரு ஸ்டட் உடைஞ்சிடுச்சு. மூணு நட்டுல வண்டியை எடுக்கக் கூடாது. அடுத்த வாரம் பார்க்கலாம்."

ஸ்டட் என்றால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் தடித்த திருகு, விரல் நீளம் இருக்கும். சக்கரத்துக்கு நாலு. அவளிடம் அடுத்த வாரம் இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை; மதியம் வரைதான் திறந்திருக்கும் உதிரிபாகக் கடைக்கு ஓடி, அங்கே மிச்சமிருந்த ஒரே ஒரு ஸ்டட்டை வாங்கி வந்தாள். பின் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டு ஜாக்கியைப் போட்டாள்.

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்.

"கறிகாய் நறுக்குற மாதிரின்னு நினைச்சியா?"

பத்து வருஷம் அவருக்கு டார்ச் பிடித்தவள் அவள். லீவு நாளில் வீட்டுக்கு வரும் வண்டிகளின் அடியில் படுத்துக்கொண்டு, அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டுவார். என்ன வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டால் கௌரவம் என்னாவது? சரியான ஸ்பேனர் அந்தக் கையில் இருக்க வேண்டும். தப்பானது போனால் அது பறந்து வரும். ஒருமுறை முழங்காலில் பட்டு ஒரு வாரம் நொண்டினாள். அப்படித்தான் அவளுக்குத் தொழில் வந்தது.

சக்கரத்தைக் கழற்றினாள். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரை அவிழ்த்து, அதன் ட்யூப் இழுபடாமல் கம்பியால் மேலே கட்டினாள். டிஸ்க்கை எடுத்துவிட்டு, உடைந்த ஸ்டட்டைச் சுத்தியலால் தட்டினாள். நாலாவது அடிக்குப் பின்பக்கமாக விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். நட்டு ஏறும் திருகுவரி, அதாவது மரை, கோணலாகச் சிதைந்திருந்தது.

கையால் ரெண்டு சுற்று சுற்றாமல் எந்த நட்டிலும் ஸ்பேனர் வைக்காத மனுஷன் அவர். அப்படி வைத்ததற்காக ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஆளை எல்லார் முன்னாலும் அறைந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்.

"இது ஸ்பேனரால வேணும்னே கோணலா ஏத்தின நட்டுங்க."

"அப்படியா? யார் ஏத்தியிருப்பா?" என்றார் அவர், காலாட்டிக்கொண்டே.

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். புது ஸ்டட்டைப் பின்னாலிருந்து நுழைத்து, ரெண்டு வாஷர் போட்டு, நட்டைத் திருப்பி மாட்டி, ஸ்டட்டின் தலை பின்னால் போய் அழுந்தும்வரை கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி இழுத்தாள். வாஷர்களை மறக்காமல் கழற்றினாள். எல்லாவற்றையும் பூட்டி, நாலு நட்டையும் கையால் சுற்றி, எதிரெதிராக முறுக்கி, வண்டியை இறக்கும்போது மணி ஐந்து.

அவர் எழுந்து வந்து சக்கரத்தின் முன்னால் குந்தினார். ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாப் போட்டிருக்க. நான் போட்டாலும் இப்படித்தான்."

பத்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கம்கெட்ட சந்தோஷம். தப்பாக நினைத்துவிட்டோமோ என்றுகூட ஒரு நிமிஷம் தடுமாறினாள்.

அவர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினார். வீல் ஸ்பேனரை அதில் வைத்தாள்.

சுவரோரம் கிடந்த நீளமான இரும்புக் குழாயை ஸ்பேனரின் கைப்பிடியில் செருகி, புது ஸ்டட்டின் நட்டில் மாட்டி, முழு உடம்பையும் அதன்மேல் போட்டு அமுக்கினார். அவள் "என்னங்க" என்பதற்குள் டக்கென்று சத்தம் கேட்டது. நட்டோடு பாதி ஸ்டட் தரையில் உருண்டது.

"பார்த்தியா? இப்பவே உடைஞ்சது நல்லதாப் போச்சு. நடுவழில உடைஞ்சிருந்தா உன் கதி என்ன ஆகியிருக்கும்? எனக்கு உன் உயிர் முக்கியம்."

கடையை மூடி நாலு மணி நேரம் ஆகியிருந்தது. நாளைக் காலை ஆறு மணிக்கு அந்தச் சோதனைக்கூடத்தில் வேறு யாரோ நிற்பார்கள்.

குந்தியிருந்தவர் கையில் கிரீஸ். திரும்பிப் பார்க்காமல் மறுபடி கையை நீட்டினார். துடைக்கிற துணி அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான், அதைக் கொடுத்தது தான் என்று அவளுக்குத் தெரிந்தது.