ஆறிப்போன உருளைக்கிழங்கு

கல்யாணமானதும், தினமும் சாப்பாட்டுக்கு முன் மௌனமாக ஜெபிப்பது என்று நானும் என் கணவன் யெல்லெயும் முடிவு செய்தோம். ஃப்ரீஸ்லாந்தில் என் பிறந்த வீட்டில், அப்பா முள்கரண்டியை எடுக்கும் சத்தம் கேட்டால்தான் மற்றவர்கள் கண்ணைத் திறக்கலாம். அதனால் யெல்லெ எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். அவன் எடுக்கவே மாட்டான். உருளைக்கிழங்கு ஆறிப்போகும். இவ்வளவு பக்தியா இவனுக்கு? எரிச்சலில், கண்ணை மூடியபடியே கர்த்தரிடம் அவனைப் பற்றி முறையிடுவேன். கூடவே அம்மாவின் நோய், என் பயம் எல்லாம் வந்துவிடும்.

ஒரு நாள் வெடித்துவிட்டேன். "அப்படி என்னதான் கேக்குற இவ்ளோ நேரம்?"

"நானா? நான் எப்பவோ முடிச்சிட்டேன். எங்க வீட்ல அம்மாதான் தொண்டையைச் செருமி முடிச்சு வைப்பாங்க. நீ செருமவே மாட்டேங்குற! பெரிய பக்தைன்னு பயந்துபோய் உக்காந்திருந்தேன்டி."

மறுநாளிலிருந்து அவனே கரண்டியால் தட்டைத் தட்டுகிறான். இப்போது உருளைக்கிழங்கில் ஆவி பறக்கிறது. ஆனால் நான் "கர்த்தரே" என்பதற்குள் தட்டிவிடுகிறான். ஜெபித்தேனா இல்லையா என்றே புரியவில்லை.

நேற்று அவன் தட்டியும் நான் கண்ணைத் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தேன். அவனும் கண்ணை இறுக மூடியிருந்தான். என்னைப் பற்றி என்னவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தானோ!